எஞ்சின் ஆயிலை நாமே மாற்றலாம்

(மும்பை தாராவியில், எழுத்தறிவு மையத்தில் படித்த ஒரு பெண் மற்றவர்களிடம் பேசிய பேச்சு)

 

நம் மையத்து ஆசிரியை என்னைப் பேசச் சொன்னார். "எதைப் பற்றிப் பேசுவது டீச்சர்?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார்.

எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று இட்லி. இன்னொன்று என் ஸ்கூட்டர். இட்லி அவிக்க உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுகிறேன். ஸ்கூட்டருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது எப்படி என்று சொல்லப் போகிறேன்.

"அது மெக்கானிக் வேலை அல்லவா?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை அதிகம். முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள்.

வண்டி நின்ற நாள்

2014-ஆம் ஆண்டு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். கியர் இல்லாத வண்டி. காலையில் நாலு மணிக்கு எழுந்து இட்லி அவிப்பேன். ஆறரை மணிக்கு வண்டியில் பாத்திரத்தைக் கட்டுவேன். சயான், மாட்டுங்கா என்று சுற்றி விற்பேன். பதினோரு மணிக்கு வீடு திரும்புவேன்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. 2016 ஜூன் மாதம். மழை தொடங்கிய நேரம். சயான் போகும் வழியில் எஞ்சினில் 'கடகட' என்று சத்தம் வந்தது. கொஞ்ச தூரம் போனேன். வண்டி 'டக்' என்று நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தேன். அது அசையவே இல்லை. கல் மாதிரி நின்றது.

பாத்திரத்தில் 250 இட்லி இருந்தது. மழையில் நின்றுகொண்டு அழுதேன். இட்லி புளித்துப் போகும். வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போவார்கள். அன்றைக்கு மாவுக்கடைக்குக் கொடுக்க வேண்டிய பணமும் அந்தப் பாத்திரத்தில்தான் இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எஞ்சினைப் பிரித்தார். உள்ளே தார் மாதிரி கறுப்பாக ஒட்டியிருந்தது.

"ஏம்மா, எப்போ ஆயில் மாத்தினே?" என்று கேட்டார்.

"இரண்டு தடவை சர்வீஸுக்கு விட்டேன் அய்யா. பில்கூட இருக்கு" என்றேன். சீட்டுக்கு அடியிலிருந்து பில்களை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். இரண்டு பில்லிலும் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தது. "இது வண்டி கழுவுன பில்லும்மா. ஆயில்னு இதுல எழுதவே இல்லையே" என்றார்.

யாரைக் குறை சொல்வது? நான் "சர்வீஸ் பண்ணுங்க" என்றேன். அவர்கள் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். பில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் அந்தப் பில்களின் மேலேயே உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறேன்.

எஞ்சினைச் சரிசெய்ய ஏழாயிரம் ரூபாய் ஆனது. கடன் வாங்கினேன். பதினைந்து நாள் வியாபாரம் இல்லை. விட்டுப்போன வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை.

அந்த வருடம்தான் நான் இந்த மையத்தில் சேர்ந்தேன். பெரியவர் பட்டறையில் உட்கார்ந்து ஆயில் மாற்றவும் கற்றுக்கொண்டேன்.

ஆயில் எதற்கு?

இட்லிப் பானையில் தண்ணீர் வற்றிப் போனால் என்ன ஆகும்? பானை கருகும். எஞ்சினில் ஆயில் வற்றினாலும் அப்படித்தான்.

எஞ்சினுக்குள் ஒரு உருளை இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை ஓடுகிறது. உலோகமும் உலோகமும் உரசினால் தேயும், சூடாகும். கடைசியில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

ஆயில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கிறது. உரசாமல் காக்கிறது. சூட்டை வாங்கிக்கொள்கிறது. கரியையும் இரும்புத் தூளையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. துரு பிடிக்காமலும் காக்கிறது.

வடை சுட்ட எண்ணெயைப் பார்த்திருப்பீர்கள். திரும்பத் திரும்பச் சுட்டால் கறுத்துப்போகும். அதன் குணம் கெடும். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான் கெடுகிறது.

இங்கே ஒன்று கவனியுங்கள். புது ஆயில் ஊற்றினாலும் கொஞ்ச நாளில் கறுத்துவிடும். அது அழுக்கை இழுப்பதால் வரும் கறுப்பு. அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிலோமீட்டரைப் பாருங்கள்.

ஆனால் ஆயில் பால் விட்ட காபி மாதிரி வெளுத்திருந்தால் ஆபத்து. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். ஆயிலை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

பழைய வண்டி, புது வண்டி

நம் நாட்டில் 1972-இல் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுவார்கள். அந்த ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். அதற்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்று பெயர்.

2001-இல் ஹோண்டா ஆக்டிவா வந்தது. இது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். இன்று ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதில் ஆயில் எஞ்சினின் அடியில் தனியாக இருக்கும். அதையே எஞ்சின் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும். அதனால்தான் அதை மாற்ற வேண்டியிருக்கிறது.

மின்சார ஸ்கூட்டரில் எஞ்சினே இல்லை. எஞ்சின் ஆயிலும் இல்லை. இந்தப் பேச்சு அந்த வண்டிக்குப் பொருந்தாது.

எப்போது மாற்றுவது?

வண்டியோடு ஒரு புத்தகம் தருவார்கள். நம்மில் பலர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அதை வெளியே எடுங்கள். அதில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது.

புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரம் வரும். பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும். பிறகு சில வண்டிகளுக்கு 3,000 கிலோமீட்டர். சில வண்டிகளுக்கு 6,000 கிலோமீட்டர். உங்கள் வண்டிக்கு எது என்று புத்தகம் சொல்லும்.

என் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 120 நாளில் 3,000 ஆகிறது. அதாவது நாலு மாதம். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். ஒரு தடவைகூட ஆயில் மாற்றவில்லை. எஞ்சின் அவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

வண்டி புதிது என்றால் ஒரு எச்சரிக்கை. உத்தரவாதக் காலம் முடியும்வரை கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள். நாமே பிரித்தால் உத்தரவாதத்தில் சிக்கல் வரலாம். பில்லை வாங்கி வையுங்கள். ஆயில் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த ஆயில் வாங்குவது?

கடையில் பல நிறத்தில் டப்பா இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். டப்பாவின் மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் நமக்குத் தெரியும். இரண்டு மூன்று எழுத்துகளை அடையாளம் தெரிந்தால் போதும்.

என் வண்டிக்கு வேண்டியது '10 டபிள்யூ 30'. முதலில் 10 என்ற எண். பிறகு மலையும் பள்ளமுமாக வளைந்த டபிள்யூ என்ற எழுத்து. பிறகு 30 என்ற எண். முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்கிறது. இரண்டாவது எண், சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்கிறது.

இன்னும் ஒரு குறியும் உண்டு. 'எம்.ஏ.' அல்லது 'எம்.பி.' என்று போட்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் கிளட்ச் ஆயிலுக்குள் இருக்கும். அதற்கு எம்.ஏ. வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு எம்.பி. பொருந்தும். உங்கள் வண்டிக்கு எது என்று புத்தகத்தில் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் பிள்ளைகளிடமோ டீச்சரிடமோ கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு அந்த நோட்டோடு போங்கள்.

மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேவையான பொருள்கள்

புது ஆயில். போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர். போல்ட்டுக்குப் போடும் புது வாஷர். பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு அகலமான தட்டு. ஒரு புனல். ஒரு அளவுக் குவளை. பழைய துணி. ஒரு காலிப் பாட்டில்.

ஆயிலுக்கு எடுத்த தட்டையும் குவளையையும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். அவற்றைத் தனியாக வைத்துவிடுங்கள்.

எப்படி மாற்றுவது?

முதலில் இடம். சமதரை வேண்டும். காற்றோட்டம் வேண்டும். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை உயிரையே எடுக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் செய்யாதீர்கள். நம் வீடுகளில் அடுப்பும் வண்டியும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, வண்டியை வெளியே தள்ளி வாருங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓட விடுங்கள். ஆயில் வெதுவெதுப்பானால் நன்றாக வடியும். பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும். கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். அந்த மூடியிலேயே அளவுக் குச்சி இருக்கும்.

இப்போது எஞ்சினின் அடியில் வடிகால் போல்ட்டைத் தேடுங்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பின் சக்கரத்துப் பக்கம் இன்னொரு போல்ட் இருக்கும். அது கியர் ஆயிலுக்கு உரியது. அதைத் திறக்காதீர்கள். புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். முதல் தடவை ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். தெரியாமல் திறந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? கியர் ஆயில் நூறு மில்லி அளவுதான் வரும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் தவறான போல்ட் என்று சந்தேகப்படுங்கள். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரியான போல்ட் என்று தெரிந்ததும் தட்டை அடியில் வையுங்கள். போல்ட்டின் தலையை நேராகப் பாருங்கள். கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். இளகியதும் கையால் கழற்றுங்கள். ஆயில் சூடாகக் கொட்டும். கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வண்டிகளில் போல்ட்டோடு ஸ்பிரிங்கும் சின்னச் சல்லடையும் வரும். எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் துணிமேல் அடுக்குங்கள். சல்லடையைக் கழுவிக் காயவைத்து, அதே வரிசையில் போடுங்கள்.

பத்து நிமிடம் வடிய விடுங்கள். அவசரம் வேண்டாம்.

போல்ட்டைத் துடையுங்கள். புது வாஷர் போடுங்கள். முதலில் கையால் திருகுங்கள். கையால் திருகும்போதே நேராகப் போக வேண்டும். கோணலாகப் போனால் கழற்றி மறுபடி போடுங்கள். பிறகு ஸ்பானரால் இறுக்குங்கள். பலத்தையெல்லாம் காட்டாதீர்கள். எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியம். அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். மரை போனால் பெரிய செலவு.

இப்போது புது ஆயிலை அளந்து ஊற்றுங்கள். என் 110 சிசி வண்டிக்கு 700 மில்லி. உங்கள் வண்டிக்கு வேறு அளவு இருக்கலாம். டப்பாவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் ஊற்றக் கூடாது. அதிகமானால் ஆயில் நுரைக்கும், ஒழுகும். குறைந்தால் எஞ்சின் தேயும். இட்லி மாவுக்கு உப்பு போடுகிற மாதிரி அளவோடு இருக்க வேண்டும்.

மூடியைப் போடுங்கள். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டுப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். சில வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் திருகிப் பார்க்க வேண்டும். இதையும் புத்தகம் சொல்லும்.

கடைசியாக அடியில் பாருங்கள். சொட்டுகிறதா? மறுநாள் காலையிலும் ஒரு தடவை பாருங்கள். சொட்டவில்லை என்றால் வேலை முடிந்தது.

பழைய ஆயிலை என்ன செய்வது?

இதுவும் நம் பொறுப்பு. தட்டில் இருக்கும் கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் சாக்கடைத் தண்ணீர் எங்கே போகிறது? மித்தி ஆற்றுக்கும் மாஹிம் கழிமுகத்துக்கும் போகிறது. அங்கிருந்து கடலுக்குப் போகிறது. தண்ணீர்மேல் ஆயில் படர்ந்தால் மீனுக்குக் காற்று கிடைக்காது. மண்ணில் ஊற்றினால் நிலத்தடி நீர் கெடும்.

சிலர் அதை மரக்கட்டைக்குப் பூசுகிறார்கள். மாட்டின் புண்ணில் தடவுகிறார்கள். அடுப்பெரிக்கிறார்கள். இது எதுவும் கூடாது. அதில் நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. அடிக்கடி தோலில் பட்டால் தோல் நோய் வரும். புற்றுநோய்கூட வரலாம். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழைய ஆயிலைக் காலிப் பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். 'பழைய எஞ்சின் ஆயில்' என்று உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள். சமையல் எண்ணெய் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. பிறகு பட்டறையில் கொடுங்கள். அவர்கள் சேர்த்து வைத்து, சுத்திகரிக்கிறவர்களிடம் கொடுப்பார்கள். சுத்திகரித்தால் அது மறுபடி ஆயிலாகும். நம் தாராவிக்கு இது புதிதல்ல. ஊரார் எறிவதைப் பொருளாக்குகிறவர்கள் நாம்.

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இது தீங்கான கழிவு. இதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் உண்டு.

புது ஆயில் டப்பாவை எறியும்போது ஒரு ஓட்டை போட்டு எறியுங்கள். இல்லையென்றால் அதிலேயே போலி ஆயிலை ஊற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நோட்டில் எழுதுங்கள்

என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாலு வரி எழுதுவேன். ஒரு பக்கத்தைப் படிக்கிறேன், கேளுங்கள்.

ஆயில் மாற்றிய நாள்: ஜனவரி 12
கிலோமீட்டர்: 24,300
ஆயில்: 10 டபிள்யூ 30, 700 மில்லி
அடுத்து மாற்ற வேண்டியது: 27,300

அவ்வளவுதான். வண்டியில் உட்காரும்போது மீட்டரைப் பார்க்கிறேன். 27,300 நெருங்கினால் ஆயில் வாங்கப் போகிறேன். இப்போது யாரும் என்னிடம் "எப்போ மாத்தினே?" என்று கேட்டால் நான் விழிப்பதில்லை. நோட்டைக் காட்டுகிறேன்.

மெக்கானிக் நமக்கு எதிரி இல்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவரே ஒரு மெக்கானிக்தான். பிரேக், கிளட்ச் வேலைக்கு இன்றும் அவரிடம்தான் போகிறேன். நீங்கள் ஆயிலை அவரிடமே மாற்றச் சொல்லலாம். அதில் தவறில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். டப்பாவைப் படியுங்கள். பில்லைப் படியுங்கள். நோட்டில் எழுதுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அங்கே பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்குச் சைக்கிள். இன்றைக்கு நம் கையில் ஸ்கூட்டர் இருக்கிறது.

நான் அன்று மழையில் நின்று அழுதேன். என்னிடம் வண்டி இருந்தது. ஓட்டவும் தெரிந்தது. ஒரு வரிப் பில்லைப் படிக்கத்தான் தெரியவில்லை. நீங்கள் அப்படி நிற்க வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வண்டிப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். எந்த ஆயில், எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு இங்கே கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வண்டிக்கு ஆயில் மாற்றப் போகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். இட்லியும் உண்டு.